கை படட்டும் கணிப்பொறியில்!

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணித மாணவன்)

இன்றைய உலகம் கணிப்பொறி உலகம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ரேஷன் கடையிலிருந்து ரயில் பயணச்சீட்டு வரை கணிப்பொறியின் துணையின்றி எதுவும் நடவாது என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆனால் அந்தக் கணிப்பொறியின் முன் முதன்முதலாக நிற்கும் ஒரு கிராமத்து மாணவனின் நெஞ்சில் எழுகிறதே ஒரு நடுக்கம், அதைப் பற்றி எவரும் பேசக் காணோம். நான் பேச விரும்புகிறேன். ஏனெனில் அது என் சொந்த அனுபவம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதிக்கப் போகும் முதல் ஆள் நான். செங்கல் சூளையில் வேலை செய்யும் என் தந்தை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னுடன் பிரவுசிங் சென்டருக்கு வந்தார். இயற்பியல் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கிருந்த அண்ணன் விண்ணப்பத்தை மடமடவென்று தட்டி முடித்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, “எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க தம்பி” என்றார்.

திரை நிறையக் கட்டங்கள். பாதிப் படிவம் கீழே மறைந்திருந்தது. எதைத் தொட்டால் அது மேலே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவோ கூச்சம். பின்னால் நீண்ட வரிசை வேறு. தலையை ஆட்டிவிட்டேன்! கலந்தாய்வுக்குச் சென்ற அன்றுதான் தெரிந்தது, என் விண்ணப்பத்தில் இயற்பியல் இடம்பெறவே இல்லை என்பது.

அந்த அண்ணன் மீது எனக்குக் கோபமில்லை. அவர் திரையைத் திருப்பிக் காட்டத்தான் செய்தார். இயற்பியல், கணிதம் என்ற சொற்களை ஆங்கிலத்தில் படிக்கத் தெரியாதவனல்லன் நான். பன்னிரண்டு ஆண்டுகள் படித்தும், ஒரு பொறியின் முன்னால் படிப்பறிவற்றவனைப் போல் நின்றேன். கணிதத்தை இன்று நான் உளமார விரும்புகிறேன். ஆனாலும் என் வாழ்க்கைப் பாதையை என் விருப்பம் வகுக்கவில்லை. ஒரு தலையசைப்பு வகுத்தது. அந்தத் தலையசைப்பை என் தங்கையும் அவளுடைய தோழிகளும் செய்யக்கூடாது. அதற்கான பயிற்சி நடுநிலைப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஏன் நடுநிலைப் பள்ளி?

நாம் எல்லோரும் மிதிவண்டி பழகியது எந்த வயதில்? கால் எட்டாத அப்பாவின் வண்டியில் குரங்கு பெடல் போட்டுத்தானே பழகினோம்! முழங்கால் சிராய்த்தது; வேலியில் விழுந்தோம்; நான்கு பேர் சிரித்தார்கள். வெட்கப்பட்டோமா? இல்லை. பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரை பிள்ளைகளுக்குத் தவறு செய்ய அச்சமில்லை. பதினேழு வயதில் தெரியவில்லை என்று சொல்வதே அவமானமாகத் தோன்றும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். பதினொன்றில் தொடாத விசைப்பலகை பதினெட்டில் அச்சம் தரும் என்று நான் சொல்வேன்.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதன்று. 1984ஆம் ஆண்டிலேயே ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின் கீழ் சுமார் 250 பள்ளிகளுக்கு ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற கணிப்பொறிகளைத் தந்து நடுவண் அரசு சோதனை செய்து பார்த்தது. அண்டை மாநிலமான கேரளம் 2001ஆம் ஆண்டு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களையும் அமைத்தது. நம் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் வந்தது. ஆனால் எங்கள் ஆண்டு மாணவர் கைக்கு அது வந்து சேரவில்லை. 2018இல் வெளிவந்த ஆறாம் வகுப்பு அறிவியல் நூலில் கணிப்பொறியும் ஒரு பாடமாயிற்று. அண்மை ஆண்டுகளில் அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கும் கணிப்பொறி ஆய்வகங்கள் வந்துள்ளன. இவை யாவும் பாராட்டுக்குரியவையே.

ஆனால் பூட்டின் சாவி யாரிடம்?

என் தங்கை ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மவுஸ் என்றால் என்ன என்று ஐந்து வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் கணிப்பொறியில் ஒரு வரி தட்டியதில்லை! அவள் பள்ளி ஆய்வகம் மதிப்பீட்டுத் தேர்வு நாட்களில் திறக்கும். விடைக்கு நேரே ஒரு சொடுக்கு, எழுந்துவிட வேண்டும், அடுத்த பிள்ளை. பிறகு மீண்டும் பூட்டு. தலைமையாசிரியரைக் குறை சொல்லவும் வழியில்லை. கணிப்பொறிக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. ஒன்று பழுதானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தெரிந்தும், ஏட்டையே மீண்டும் மீண்டும் புரட்டுகிறோம்.

சென்ற பருவத்தில் அந்தத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டேன். சற்றுத் தயங்கி, “பார்த்து நடத்துப்பா” என்று சாவியைத் தந்தார். ஐந்து சனிக்கிழமைகள், பதினான்கு பிள்ளைகள், ஓடும் நிலையில் ஏழு கணிப்பொறிகள். ஒரு பொறிக்கு இருவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்தப் பிள்ளையின் மவுஸையும் நான் தொடக்கூடாது. வாயால் மட்டுமே சொல்ல வேண்டும்.

முதல் கேள்வியே என்னைத் திகைக்க வைத்தது. “அண்ணா, இதுல தமிழ் வருமா?” என்றாள் ஒரு சிறுமி. விசைகளில் இருந்தவை ஆங்கில எழுத்துகள் மட்டுமே. 1999ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையின் படத்தை அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டினேன். அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையின் கீழ். மெய்வரிசை வலக்கையின் கீழ். இரண்டும் சேர்ந்தால் உயிர்மெய்! மூன்றாம் வகுப்பில் படித்த இலக்கணம் விரல் நுனிக்கு வந்தது. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியைக் கணிப்பொறியே வைத்துக்கொள்ளும். பதினான்கு பிள்ளைகளும் அன்று முதலில் தட்டியது அச்சொல்லைத்தான். வாசிக்கத் திணறும் ஒரு பையன், தான் தட்டியதைத் தானே எழுத்துக்கூட்டிப் பலமுறை படித்தான். முதலில் எழுத்தறிவு வரட்டும், பிறகு கணிப்பொறி என்போர்க்கு அந்தப் பையனே விடை.

இரண்டாம் சனிக்கிழமை மின்சாரம் போயிற்று. அதுவரை தட்டியதெல்லாம் போயிற்று. சேமித்து வைக்க வேண்டும் என்ற பாடம் சொல்லாமலே பதிந்தது. மைதானத்துக்குச் சென்றோம். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் சிறுவர்களுக்காக ‘லோகோ’ என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுப் படம் வரையலாம். நாங்கள் ஒரு சிறுவனையே ஆமையாக்கினோம்! “முன்னே பத்தடி; வலப்பக்கம் 90 பாகை திரும்பு.” நான்கு முறை சொன்னதும் சதுரம் வந்தது. முக்கோணத்துக்கு? “60 பாகை” என்று எல்லோரும் கூவினார்கள். மூன்று முறை நடந்த ஆமை, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல் எங்கோ நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிந்தித்தார்கள். நெடுநேரம் கழித்து ஒரு சிறுமி, “அவன் உள்ளே திரும்பலண்ணா, வெளியே திரும்புறான். 120 சொல்லுங்க!” என்றாள். ஆமை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. மூன்று 120களும் 360, நான்கு 90களும் 360 என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். வெளிக்கோணங்களின் கூடுதல் 360 பாகை என்பதை நான் மனப்பாடம் செய்து எழுதியவன். அவர்களோ நடந்து கண்டுபிடித்தார்கள்! மின்சாரம் வந்ததும் அதே கட்டளைகளைத் திரையில் தட்டிப் பார்த்தார்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு பெண், தன் பாட்டிக்காகத் தெருக்குழாய் பற்றிய மனு ஒன்றைத் தானே தட்டி முடித்தாள். பிழைகள் இருந்தன. இருந்தால் என்ன? அது அவள் எழுதிய மனு.

சிலர் கேட்கும் கேள்விகள்

“பிள்ளைகள் கையில்தான் செல்பேசி இருக்கிறதே, இன்னும் எதற்குக் கணிப்பொறி?” என்பர் சிலர். செல்பேசியில் பிள்ளைகள் பெரும்பாலும் படம் பார்க்கிறார்கள். பிறர் செய்ததை விரலால் தள்ளுகிறார்கள். கணிப்பொறியில் தாமே ஒன்றைச் செய்யப் பழகுகிறார்கள். சமைத்ததை உண்பதும் சமைக்கக் கற்பதும் ஒன்றாகுமா?

“செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எல்லாவற்றையும் பொறியே எழுதிவிடும்” என்பர் வேறு சிலர். கேரளத்தில் 2024ஆம் ஆண்டே ஏழாம் வகுப்பில் அது பாடமாகிவிட்டது. 2025இல் நம் அரசும் ஆறாம் வகுப்பு முதலே அதைக் கற்பிக்கத் திட்டம் அறிவித்தது. வரவேற்போம்! ஆனால் பொறி எழுதித் தருவதைச் சரியா என்று பார்க்க வேண்டியவர் யார்? திரையை நம் பக்கம் திருப்பி “பாத்துக்க தம்பி” என்று இனி அந்தப் பொறியும் சொல்லும். அப்போதும் தலையாட்டப் போகிறோமா?

ஆகவே நான் வேண்டுவன இவையே. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பாடவேளை கணிப்பொறிக்கென ஒதுக்கப்பட வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். முதலில் தமிழில் தட்டச் சொல்லித்தர வேண்டும். எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு கடிதம், ஒரு படம், சத்துணவு முட்டைக் கணக்கு என ஏதேனும் ஒன்றைப் பிள்ளை செய்து காட்டினால் போதும். பொறி பழுதானால் தலைமையாசிரியர் தலையில் பழி விழாது என்ற உறுதியும் வேண்டும். பழுதாகட்டுமே! உழைத்துப் பழுதான பொறி, பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கும் பொறியைவிட மேலானது.

அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா, நண்பர்களே? இந்தக் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை நாம் படித்த பள்ளிக்குக் கொடுத்தால் என்ன? நமக்குப் பெரிய புலமை தேவையில்லை. நமக்கு எது தெரியாமல் இருந்தது என்பது நினைவிருந்தால் போதும்.

சென்ற மாதம் வருமானச் சான்றிதழுக்காக என் தங்கையும் அப்பாவும் அதே பிரவுசிங் சென்டருக்குச் சென்றார்கள். அண்ணன் வழக்கம்போல் திரையைத் திருப்பினார். “கொஞ்சம் கீழே தள்ளுங்கண்ணா... எங்கப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கு” என்றாளாம். அவரும் சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தாராம். சூளையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.