நான் பிணமாக நடிக்க மாட்டேன்

எங்கள் காலேஜ் விழாவுக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். படம் என்று சொல்வதே கொஞ்சம் ஓவர். முழுக்கதை வேண்டாம், ஒரு திரில்லர் படத்தோட தொடக்கம் மட்டும் எடுத்துட்டு வாங்க, டைட்டிலோட சேர்த்து 2 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. இதுதான் போட்டி விதி. (இங்கிலாந்தில் ஓசிஆர் என்கிற தேர்வு வாரியத்தின் பழைய மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் ஏறக்குறைய இதே பயிற்சி இருந்தது. அங்கேயும் 2 நிமிஷம்தான். நம்மாட்கள் எங்கிருந்து சுட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.)

ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். கதை டிஸ்கஷன் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் கடைசி சீட்டில் நடந்தது. டைரக்டர் (பி.காம்., என் கிளாஸ்தான். பெயர் வேண்டாம், இதைப் படிப்பான்) முதல் ஷாட்டைச் சொன்னான்: "விடியக்காலம். கெடிலம் ஆறு. ஃபுல்லா பனி. கேமரா மெதுவா எறங்குது. தண்ணி ஓரமா ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணோட பாடி."

"செம மச்சான்" என்றார்கள் மற்ற மூன்று பேரும்.

அப்புறம் நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். (கெடிலத்தில் தண்ணிக்கு எங்கடா போறது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பிணம் கிடைத்தால் போதும், தண்ணியைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கலாமாம்.)

"மாட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இறங்குகிற ஸ்டாப்பும் வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

நாலு பேரும் முதலில் எடுத்துவிட்ட வாதம், "எல்லாரும் இப்படித்தான எடுக்கறாங்க". உண்மைதான். சிகப்பு ரோஜாக்கள் 1978. மன்மதன் 2004. வேட்டையாடு விளையாடு 2006. ராட்சசன் 2018. நாற்பது வருஷமாக நம்ம ஊர் திரில்லரில் சாவது பெரும்பாலும் பெண்தான். ராட்சசனில் அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நானும் இதையெல்லாம் பார்த்தவள்தான், ராட்சசனை இரண்டு தடவை. படம் நல்லா இல்லை என்று சொல்ல வரவில்லை. அதை எடுத்தவர்கள் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் உழைத்து ஒரு பயத்தைக் கட்டினார்கள். அதிலிருந்து பிணத்தை மட்டும் உருவிக்கொண்டு வந்து 2 நிமிஷத்தில் வைத்தால் அது திரில்லர் ஆகுமா? பிரியாணியில் இருந்து பட்டையை மட்டும் எடுத்து இலையில் வைத்த மாதிரிதான் இருக்கும்.

அடுத்த வாதம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். "நெஜத்துல நடக்கறதத்தான காட்டறோம்."

அய்யா சாமிகளா, நாம் எந்த மாவட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறோம் என்று கொஞ்சம் யோசித்தீர்களா? 2022 ஜூலையில் கனியாமூரில் ஒரு பிளஸ் டூ மாணவி இறந்துபோனாள். ஜூலை 17 அன்று போராட்டம் கலவரமாகி, பள்ளிக்கூடத்துப் பஸ்ஸெல்லாம் எரிந்தது. அதெல்லாம் செய்தி. அதற்கு அப்புறம் யூடியூபில் என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு வட்டம், மஞ்சள் எழுத்து, அம்புக்குறி, பின்னாடி 'டொய்ங்' என்று ஒரு மியூசிக். செத்தது ஒரு பிள்ளை என்பது மறந்து, அடுத்த பாகம் எப்போ வரும் என்று காத்துக்கிடந்தார்கள். நாமும்தான் பார்த்தோம். நானும் பார்த்தேன், அதை மறைக்கப் போவதில்லை. அந்த மாசம் பூராவும் எங்கள் தெருவில் எந்த அம்மாவும் சரியாகத் தூங்கவில்லை.

அதே மாவட்டத்தில், அதே யூனிஃபார்மை ஒரு பிணத்துக்குப் போட்டு, ஆற்றோரம் படுக்க வைத்து, டைட்டில் போட்டுக் கைத்தட்டல் வாங்கணும். இதுதானே திட்டம்? அந்தப் பிணத்துக்கு ஸ்கிரிப்டில் ஒரு பெயராவது வைத்தீர்களா? இல்லை. 'பாடி' என்றுதான் எழுதியிருந்தது. சாகிற வரைக்கும் அவள் யார், என்ன படித்தாள், ஒன்றும் கிடையாது. படத்தில் அவளுக்கு உத்தியோகமே சாகிறது மட்டும்தான்.

சரி, ஒழுக்கப் பாடம் போதும். தொழில் ரீதியாகவும் இது மொக்கை ஐடியா என்பதுதான் என் முக்கியமான கட்சி.

ஹிட்ச்காக் 1962இல் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீளமான பேட்டியில் ஒரு கணக்கு சொல்கிறார். மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது. பார்க்கிறவனுக்கு அது தெரியாமல் திடீரென்று வெடித்தால் 15 செகண்டு அதிர்ச்சி. குண்டு இருப்பது அவனுக்கு முன்பே தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் தெரியாமல் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் 15 நிமிஷம் பதற்றம். வித்தியாசம் குண்டில் இல்லை, யாருக்கு என்ன தெரியும் என்பதில்தான் இருக்கிறது.

ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' ஆரம்பத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு கை டைமரைத் திருகுகிறது, குண்டைக் கார் டிக்கியில் வைக்கிறது, கார் கிளம்புகிறது. மூணு நிமிஷத்துக்கும் மேலே ஒரே ஷாட். கார் நிற்கும், நகரும், புதுசாகக் கல்யாணமான ஜோடி பக்கத்திலேயே நடந்து வரும். நமக்கு வேர்த்துவிடும்.

வெள்ளைக்காரன் கதைதானா என்று கேட்பவர்களுக்கு: வீணை எஸ். பாலசந்தர் 1964இல் எடுத்த 'பொம்மை'யில் குண்டு ஒரு பொம்மைக்குள் இருக்கிறது. அந்தப் பொம்மை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் சங்கதி.

அதே பாலசந்தர் 1954இல் ஏவிஎம்முக்கு எடுத்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். அதுவும் சாவில்தான் ஆரம்பிக்கிறது என்று டைரக்டர் என்னை மடக்கப் பார்த்தான். ஆமாம், துப்பாக்கிச் சத்தம், ஆள் விழுகிறார். ஆனால் விழுவது யார்? சிவாஜி கணேசன்! படத்தின் ஹீரோவையே முதல் சீனில் சாகடித்துவிட்டு, இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று மிச்சப் படம் முழுக்கக் கேட்கிறார்கள். செத்தவனுக்குப் பேரு இருக்கு, பொண்டாட்டி இருக்கு, பகை இருக்கு. பிணம் வரக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. யாரோ ஒருத்தி என்கிற பிணம்தான் எனக்குப் பிரச்சினை.

'சைக்கோ' (1960) என்றதும் எல்லாருக்கும் பாத்ரூம்தான் ஞாபகம் வரும். அது வருவதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். படம் ஆரம்பிப்பது எப்படி? வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆபீஸில் ஒரு பெண்ணிடம் 40,000 டாலரைக் கொடுத்து பேங்கில் கட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். அவள் கட்டவில்லை. அவ்வளவுதான் மேட்டர். பி.காம். படிக்கிற எனக்கு இதைவிடப் பெரிய திகில் வேறென்ன வேண்டும்? கேஷ் புக்கில் வரவு இருக்கிறது, பேங்க் பாஸ் புக்கில் இல்லை :-)

இதையெல்லாம் மறுநாள் பஸ்ஸில் சொன்னேன். "அப்ப நீயே ஒரு கதை சொல்லு" என்றான். சவால் மாதிரித்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். பதில் எங்கள் ஊரிலேயே கிடந்தது.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி எங்களுக்குச் சலித்துப் போன விஷயம். அவர் கல்யாணம் நின்ற கதையைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை தயார். குடையும் தடியுமாக ஒரு கிழவர் வருகிறார். "இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது" என்கிறார். மாப்பிள்ளை சிரிக்கிறார். கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது நகல், அசல் வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். சபை கூடுகிறது. தாத்தாவின் கையெழுத்தைப் பழைய ஓலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது!

வந்திருப்பது சிவன் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். பந்தலில் ஒருத்தருக்கும் தெரியாது. மேசைக்கு அடியில் குண்டு! ஹிட்ச்காக்குக்கு எட்டு நூற்றாண்டு முந்தி, ரத்தம் ஒரு சொட்டு இல்லாமல், கையில் ஒரு டாக்குமெண்டை மட்டும் வைத்துக்கொண்டு.

(இந்தக் கதையிலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மணவறையில் உட்கார்ந்திருந்த பெண், சடங்கவி சிவாச்சாரியாரின் மகள் என்ற அளவில்தான் வருகிறாள். கல்யாணம் நின்று போனது, அவர் பாட்டுக்குக் கோயில் கோயிலாகப் போய்விட்டார். அவள் கோணத்தில் யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் நான்தான் வாங்குவேன்.)

எங்கள் 2 நிமிஷம் இப்படி வந்தது. முதல் ஷாட்: தினசரிக் காலண்டர் தாள். அதன் பின்பக்கம் ஒரு வயசான கை ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழகுகிறது. அடுத்து ஒரு புரோநோட்டு. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டி, அதன் மேல் அதே கையெழுத்து. கட். கல்யாண மண்டபம், மொய் மேசை. நான்தான் மொய் எழுதுகிற பெண். முகத்தைக் காட்டாமல் அதே கை நீளுகிறது. "நூத்தியொண்ணு எழுதிக்கம்மா." எழுதுகிறேன். பேரு என்ன என்று நிமிர்கிறேன். "பேரு அப்புறம். மாப்ளையோட தாத்தா எனக்கு ஒரு பாக்கி வெச்சிருக்காரு, அவரை வரச்சொல்லு." டைட்டில்.

மூணு வருஷம் தாண்டின புரோநோட்டு கோர்ட்டில் நிற்காது என்று பிசினஸ் லா படித்த எங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில் எந்த லாவும் நிற்காது, மானம் மட்டும்தான் நிற்கும். அதுதான் பயம்.

எடுத்தது டைரக்டரின் போனில். மண்டபத்துக்காரர் ஒரு மணி நேரம் ஓசியில் விட்டார். கைக்குச் சொந்தக்காரர் பக்கத்துத் தெருத் தாத்தா. கையெழுத்தை அவர் முதல் தடவையிலேயே அழகாகப் போட்டுவிட்டார், தடுமாறிப் போடச் சொல்லி வாங்குவதற்குள் 14 டேக்! ஜெனரேட்டர் சத்தம் வந்து மண்டப ஆடியோ மொத்தமும் போச்சு. வீட்டில் ஃபேனைப் போட்டு, பேனா கீறுகிற சத்தத்தைத் தனியாக எடுத்து ஒட்டினோம். மியூசிக் போடணும் என்று டைரக்டர் கடைசி வரை சண்டை போட்டான். போட்டும் பார்த்தோம். பேனா சத்தம் போய்விட்டது, கூடவே பயமும் போய்விட்டது. அவனே எடுத்துவிட்டான். என் தப்பும் ஒன்று உண்டு. "இவர் கையெழுத்து எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்று எனக்கே ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். எடிட்டிங்கில் பார்த்தால் சகிக்கவில்லை. வெட்டியாச்சு. மொத்தம் 1 நிமிஷம் 52 செகண்டு.

பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு வாங்கின படத்தில் முதல் ஷாட்டே ரத்தம், கலைந்த தலைமுடி, ஒற்றைச் செருப்பு. பெண் செருப்புதான், வேறென்ன. நடுவராக வந்தவர் எங்களிடம், "திரில்லர்னு போட்டிருக்கீங்க, ஒரு கொலைகூட இல்லையேம்மா" என்றார். கேலியாக இல்லை, நிஜமான சந்தேகமாகவே கேட்டார். மூணு செகண்டில் அடிக்கவில்லை என்றால் ஜனங்கள் அடுத்த ரீலுக்குப் போய்விடுவார்கள் என்றும் ஒரு அட்வைஸ். சார், போகிறவர்கள் போகட்டும். பிணத்துக்காக நின்றவன் அடுத்த பிணம் வருகிற வரைக்கும்தான் நிற்பான்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லாருக்கும் போனில் போட்டுக் காட்டினேன். அப்பா "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அத்தை மட்டும் போனை வாங்கி மறுபடியும் முதலில் இருந்து பார்த்தார். அந்தக் காலண்டர் தாள் வந்ததும் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, அந்தக் கெழவன் யாரு பேர கையெழுத்துப் போட்டுப் பழகறான்? தாத்தாவே போட்டுக் குடுத்திருந்தா இவன் ஏன் பழகணும்? அப்ப பாக்கியே இல்லியா? இல்ல, நெஜமாவே குடுத்துட்டு நோட்டத் தொலைச்சிட்டானா?"

டைரக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவனும் அதை யோசிக்கவே இல்லையாம். நாளைக்குப் பஸ்ஸில் பேசலாம் என்றான்.