உங்க நட்சத்திரத்தைக் காட்டுங்க பார்க்கலாம்

இந்தத் தடவை வாழைக்கு என்ன விலை, மஞ்சளுக்கு என்ன விலைங்கற பேச்சு இல்ல. ஒரு கேள்வியில ஆரம்பிக்கறேன். உங்க நட்சத்திரம் என்னங்க?

ரோகிணி, மகம், சுவாதின்னு யாரைக் கேட்டாலும் பட்டுன்னு சொல்லிருவாங்க. சரி, வெளிய வந்து அதை ஆகாயத்துல காட்டுங்கன்னா? நான் இதுவரைக்கும் எங்கூர்ல ஒரு நாற்பது அம்பது பேர்கிட்ட கேட்டுட்டேன். ஒருத்தர்கூடக் காட்டல. ஜாதகம் பாக்கறவர் ஒருத்தரைக் கேட்டேன். "அது கணக்குங்க, கண்ணுல பாக்கறது இல்லைங்க"ன்னு சொல்லிட்டு டீக்குச் சொன்னாரு.

எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. போன மே மாசம் தங்கச்சி மக லீவுக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தா. பதினொண்ணாவது முடிச்சிருக்கா. அந்த வாரம் மூணு பேஸ் கரண்ட்டு ராத்திரிதான். ரெண்டு மணிக்கு மோட்டார் போட எந்திரிச்சா, "மாமா, நானும் வரேன்"னு பின்னாலயே வந்துட்டா. அமாவாசைக்கு ரெண்டு நாள் இருக்கு, நல்ல இருட்டு. தண்ணி வாய்க்கால்ல ஏறுற வரைக்கும் வரப்புல உக்காந்தோம்.

அவ மூல நட்சத்திரம். பொண்ணுக்கு மூலம்னா நம்ம பக்கம் என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். மாமனாருக்கு ஆகாதும்பாங்க. அன்னிக்குப் பொழுதோடதான் வந்த ஒறம்பரை ஒருத்தங்க அவ முன்னாலயே அதைச் சொல்லிட்டுப் போயிருந்தாங்க. புள்ள வாயத் திறக்கல. வரப்புல உக்காந்தப்பறம்தான் கேட்டா: "மாமா, அந்த மூலம் எங்க இருக்குது?"

நல்லவேளை, அந்த வருஷம் ஆகாயம் பாக்கப் பழகிட்டிருந்தேன். தெக்க பாத்துத் திரும்பச் சொன்னேன். கையை நீட்டி முட்டியை மடக்கி, அடிவானத்துல இருந்து ஒண்ணு மேல ஒண்ணா நாலு முட்டி அளக்கச் சொன்னேன். அங்கதான் தேளோட வாலு சுருண்டு நிக்கும். வால் நுனியில ரெண்டு நட்சத்திரம், ஜோடியா, கொடுக்கு மாதிரி. அதான் மூலம். அதுக்குச் சித்தெ கிழக்க, பால் வழி எங்க தடிச்சு வெளுத்துக் கெடக்குதோ, அந்தப் பக்கந்தான் நம்ம பால்வெளி மண்டலத்தோட நடு மையம் இருக்குது. சூரியனும் நாமளும் மொத்தமா சுத்தி வர்ற மையம். பேரே மூலம். தேளோட நெஞ்சுல செவப்பா ஒண்ணு இருக்கும், அது கேட்டை.

அவ ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தா. அப்பறம், "இத்தன அழகா இருக்கறதையா ஆகாதுங்கறாங்க?"ன்னா. நான் பதில் சொல்லல. தண்ணி மடைக்கு வந்துருச்சு.

அந்த ராத்திரியில இருந்து எனக்கு ஒரு ஆதங்கம். தமிழ்ல எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் நட்சத்திரப் பலன் அலமாரி அலமாரியா இருக்குது. ராக்கெட்டைப் பத்தியும் நல்ல புத்தகங்க இருக்குது. நம்ம பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில பொறந்த மயில்சாமி அண்ணாதுரை எழுதின 'கையருகே நிலா' அப்படி ஒண்ணு. கருந்துளை, பெருவெடிப்பு பத்தியும் கிடைக்குது. ஆனா கையில வெச்சுட்டு வாசல்ல நின்னு "இது இது"ன்னு காட்டற மாதிரி ஒரு புத்தகம் கேட்டா, கடைக்காரர் ஜோசிய அலமாரியைத்தான் காட்டறாரு.

சரின்னு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். நல்ல புத்தகம், நல்ல படம். ஆனா எழுதினவங்க இருக்கறது நாற்பது, அம்பது டிகிரி வடக்க. அன்னூர் இருக்கறது பதினொரு டிகிரி சொச்சம். துருவ நட்சத்திரம் எந்த ஊர்ல எத்தனை உயரத்துல நிக்குங்கறதை அந்த ஊரோட அட்சரேகைதான் முடிவு பண்ணும். லண்டன்ல அது பாதி ஆகாயத்துக்கு மேல. நம்ம ஊர்ல ஒரு முட்டி உயரம். எங்க தோட்டத்துல வடக்கால தென்னை மரத்துக்குப் பின்னால போயிருது.

புத்தகம் சொல்லுது, சப்தரிஷி மண்டலம் மறையறதே இல்ல, எந்த ராத்திரியும் அதை வெச்சு வடக்கைக் கண்டுபிடிக்கலாம்னு. கார்த்திகை, மார்கழியில பொழுதோட எட்டு மணிக்கு வெளிய வந்து பாருங்க. சப்தரிஷியே இருக்காது, அடிவானத்துக்குக் கீழ கெடக்கும். நான் ஒரு வாரம் தேடிட்டு என் கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்.

இன்னொரு பக்கம், நமக்குத் தெரியறது அந்தப் புத்தகத்துல இல்ல. அகத்திய நட்சத்திரம், ஆகாயத்துலயே பிரகாசத்துல ரெண்டாவது, லண்டன்காரங்களுக்கு எந்நாளும் தெரியாது. நமக்குத் தை கடைசி, மாசி முதல்ல ராத்திரி ஒம்பது மணிக்குத் தெக்க ரெண்டரை முட்டி உயரத்துல நிக்கும். வைகாசி பொறந்த கையோட அதே ஒம்பது மணிக்குத் தெக்குச் சிலுவை ரெண்டு முட்டி உயரத்துல நேரா நிக்கும். மூலமுமே லண்டன்ல அடிவானத்தை ஒட்டி எட்டிப் பாத்துட்டுப் போறதுதான்.

இது விஞ்ஞானிகளுக்கு என்னைக்கோ தெரியும். வைணு பாப்பு ஜவ்வாது மலையில காவலூரைத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒரு காரணமே, அந்த இடத்துல இருந்து வட ஆகாயமும் தென் ஆகாயத்துல பெரும்பகுதியும் தெரியுங்கறதுதான். 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குதுன்னு உலகம் கண்டுபிடிச்சப்ப, காவலூர்லயும் அதைப் பதிவு பண்ணினாங்க. 1986ல அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்துச்சு. தொலைநோக்கி வைக்க நல்ல இடம்னா, வாசல்ல நின்னு பாக்கறதுக்கும் நல்ல இடந்தானுங்களே?

தமிழ்ல முயற்சியே இல்லைன்னு சொன்னா பாவம். சென்னை வான் ஆய்வகத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ல ஒரு மாறுவிண்மீனைக் கண்டுபிடிச்சவர். 1874 டிசம்பர்ல வெள்ளி சூரியனைக் கடந்து போச்சு. அதைச் சாதாரண சனத்துக்குப் புரிய வைக்கறதுக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதி, நம்ம நாட்டு மொழிகள்லயும் வர வெச்சார். பஞ்சாங்கம் ஆகாயத்தைப் பாத்துத் திருத்தப்படணும்னு போராடினவரும் அவர்தான். அப்பறம் பெ.நா. அப்புசுவாமி விஞ்ஞானத்தை நல்ல தமிழ்ல எழுதினார். என். ராமதுரை வானத்துல எது எப்பத் தெரியும்னு பொறுமையா எழுதிட்டிருந்தார். த.வி. வெங்கடேஸ்வரன் இன்னைக்கும் எழுதறார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட 'துளிர்' பத்திரிகை எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குப் போகுது. ஆனா கட்டுரை வேற, வரைபடப் புத்தகம் வேற. கட்டுரையைப் படிச்சா அறிவு வரும். இருட்டுல கையில புடிச்சு நிக்கறதுக்கு வரைபடம் வேணும்.

அப்படி ஒரு புத்தகம் வந்தா என்ன இருக்கணும்? என் பங்குக்குச் சொல்றேன்.

முதல்ல, பதினொரு டிகிரிக்கு வரைஞ்ச படம். மாசத்துக்கு ஒண்ணு, தமிழ் மாசத்துக்கு. நம்ம நோம்பிகளே பாதிப் புத்தகம்னு கவனிச்சிருக்கீங்களா? தைப்பூசம்னா அன்னிக்கு நிலா பூசத்துக்கிட்ட. மாசி மகத்துக்கு மகத்துக்கிட்ட. பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், கார்த்திகை தீபம் எல்லாம் அதே கணக்குதான். முழு நிலா எந்த நட்சத்திரத்துக்கிட்ட நிக்குதோ, அதுதான் மாசத்துப் பேரு. பழனிக்கு நடந்து போறவங்க ராத்திரி பூராம் அந்த நிலா வெளிச்சத்துலதான் போறாங்க. பக்கத்துல இருக்கற பூசத்தை யாரும் காட்டிக் குடுக்கறதில்ல. நிலா வெளிச்சத்துல அது மங்கிரும், வாஸ்தவம். நாலஞ்சு நாள் கழிச்சு நிலா லேட்டா எழும்புறப்ப அதே இடத்தைப் பாத்தா, பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரியும்.

ரெண்டாவது, கண்ணுக்குத் தெரியறதை மட்டும் வரையணும். 'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்'னு 1989ல வந்த ஒரு புத்தகம். சின்னத் தொலைநோக்கியில கண்ணு வெச்சா எப்படித் தெரியுமோ அப்படியே பென்சில்ல வரைஞ்சிருப்பாங்க. ஹபிள் படத்தைப் போட்டு ஆசை காட்ட மாட்டாங்க. ஹெச்.ஏ. ரேங்கறவர் 1952லயே கோடுகளை மாத்திப் போட்டு, சிங்கம்னா சிங்கமாட்டத் தெரியற மாதிரி வரைஞ்சார். அந்த நேர்மையும் அந்த எளிமையும் வேணும்.

மூணாவது, நம்ம பேரு. இதுலதான் எனக்கு வெசனம். எங்க அப்பாரு மார்கழியில திண்ணையில படுத்திருப்பாரு. பால் கறக்கற நேரத்துக்கு, "கலப்பை சாஞ்சிருச்சு, எந்திரிங்க சாமி"ன்னு எழுப்புவாரு. வீட்டுல கடிகாரம் இருந்துச்சு, அவரு பாக்கறது ஆகாயத்தைத்தான். எது அந்தக் கலப்பைன்னு நான் ஒரு நாள்கூடக் கேட்டுக்கல. அவரும் போயிட்டாரு.

புத்தகத்துல தேடினா, இங்கிலாந்துக்காரங்க சப்தரிஷியைக் கலப்பைங்கறாங்க. மத்திய இந்தியாவுல கோண்டு மக்கள், மத்தவங்க வேட்டைக்காரன்னு சொல்ற மண்டலத்துல இடுப்பு மூணையும் சுத்தி இருக்கறதையும் சேத்துக் கலப்பைங்கறாங்க. அப்பாருது எது? போன மார்கழியில நாலு மணிக்கு எந்திரிச்சு நானே வெளிய நின்னு பாத்தேன். அந்நேரத்துக்குச் சப்தரிஷி வடகிழக்குல இன்னும் மேல ஏறிட்டுத்தான் இருக்குது. வேட்டைக்காரன்தான் மேற்க சாஞ்சு கெடக்கறான். அப்பாருவோட கலப்பை அதுதான். நாற்பது வருஷம் கழிச்சுக் குளிர்ல நின்னு கண்டுபிடிச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். இன்னும் உங்க வீட்டுல வயசானவங்க இருந்தா, இன்னைக்கே கேட்டு எழுதி வெச்சுருங்க.

செல்போன்லதான் ஆப் இருக்குதே, புத்தகம் எதுக்குன்னு பசங்க கேக்கறாங்க. நானும் வெச்சிருக்கேன், குத்தம் சொல்லல. ஆனா இருட்டுக்குக் கண்ணு பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு தடவை செல்லு வெளிச்சம் அடிச்சா மறுபடியும் முதல்ல இருந்துதான். டார்ச்சுல சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைச் சுத்திட்டுப் புத்தகத்தைப் பாத்தா கண்ணு கெடாது. அதுவுமில்லாம, செல்லு பேரைச் சொல்லிருது, நாம மறந்துடறோம். தேடிக் கண்டுபிடிச்சது மறக்கறதில்ல.

இதுனால விவசாயிக்கு என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. தண்ணி கூடாது, விலை ஏறாது. ஆனா 2019 டிசம்பர் 26 நெனவிருக்குங்களா? வளைய சூரிய கிரகணம் நம்ம தலைக்கு மேலதான் போச்சு. உலகத்துல எங்கெங்கயோ இருந்து ஆளுக அதைப் பாக்கத் தமிழ்நாட்டுக்கு வந்தாங்க. நம்ம சனம் கதவைச் சாத்திட்டு, தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையை நிறுத்திட்டிருந்துச்சு. உலக்கை எந்நாளும் நிக்கும், அடி தட்டையா இருந்தாச் சரி. அந்த வளையம் நம்ம ஊருக்கு மறுபடி எப்ப வருமோ. பயம் இருக்கற எடத்துல பாக்கற பழக்கம் இல்ல. பாக்கற பழக்கம் வந்தா, மூலத்துல பொறந்த புள்ளகிட்டப் பேசறதுக்கு முன்னாடி நாலு பேராவது யோசிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.

நாளும் கொறஞ்சுட்டு வருது. தெக்கால கோயமுத்தூர் வெளிச்சம் வருஷா வருஷம் மேல ஏறுது. தெக்குச் சிலுவையும் அகத்தியரும் இருக்கறது அந்தப் பக்கந்தான்.

எழுதத் தெரிஞ்சவங்க எழுதுங்க. அதுவரைக்கும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கேன். மாசத்துக்கு ஒரு பக்கம், முட்டிக் கணக்குல. படம் வரையறது தங்கச்சி மக. வைகாசிப் பக்கத்துல தேளைத்தான் முதல்ல வரைஞ்சா, கொடுக்கைக் கொஞ்சம் பெருசாவே. நோட்டு மோட்டார் ரூம்ல ஆணியில தொங்குது. தை அமாவாசைக்கு வர்றவங்க வாங்க. காப்பித் தண்ணி உண்டு. டார்ச்சுக்குச் சிவப்புப் பேப்பர் சுத்திட்டு வந்துருங்க.