பேன் வந்த தலைக்குத் தண்டனை எதற்கு?

பிடரியில் சிறு கட்டிகள் தென்படுகின்றன என்று அஞ்சிக் குழந்தையை அழைத்து வரும் தாய்மாரை எம் குழந்தைகள் நலப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். "கழுத்துக்குப் பொறகால நெறி கட்டியிருக்குதுங்க, பெரிய நோவா இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க" என்பார்கள். எல்லா நெறிக்கட்டும் அற்பமானதன்று. இரண்டு வாரத்தில் குறையாததை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆயினும், சடையை அவிழ்த்துக் காதின் பின்புறத்தில் முடியைப் பிரித்துப் பார்த்தால் பல சமயம் விடை அங்கேயே இருக்கும். ஈர், பேன், சொறிந்து சொறிந்து சீழ் பிடித்த புண். அப்புண்ணின் பொருட்டே நெறி கட்டியிருக்கிறது.

இதைச் சொன்னதும் தாயின் முகத்தில் முதலில் நிம்மதி தோன்றும், மறுகணமே வெட்கம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கதவைப் பார்ப்பார். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறோம், ஏனெனில் பேன் செய்யும் தீங்கைவிட அது செய்யும் தீங்கு பெரிது.

தலைப்பேன் அழுக்கினால் வருவதன்று. நாள்தோறும் குளித்த தலையிலும் அது வாழும். அதற்குச் சிறகு இல்லை, தாவவும் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது ஊர்ந்து செல்வதே பெரும்பாலும் அதன் வழி. ஒரே பெஞ்சில் நெருங்கி அமர்ந்து, ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து படிக்கும் பிள்ளைகளுக்கு அது வராமல் இருந்தால்தான் வியப்பு. தோழமை மிகுந்த குழந்தைக்கே பேன் எளிதில் வருகிறது என்றுகூடச் சொல்லலாம். உடற்பேனைப் போல இது வேறு நோய்களைப் பரப்புவதும் இல்லை.

முதன்முறை பேன் பற்றிய தலையில் அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். ஆகவே, குழந்தை இன்று தலையைச் சொறிகிறாள் என்றால் பேன் ஏறக்குறைய ஒரு மாதமாக அங்கே குடியிருக்கிறது என்று பொருள். "யாரிடமிருந்து வந்தது?" என்று பக்கத்து இருக்கைப் பிள்ளையை நோக்கி விரல் நீட்டுவதில் பயன் இல்லை. அவளை அன்றே வீட்டுக்கு அனுப்புவதிலும் பயன் இல்லை. பேனைக் காரணம் காட்டி நலமாயிருக்கும் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2022இல் மீண்டும் வலியுறுத்தியிருக்கிறது. நம் பள்ளிகளும் அவ்வாறே நடக்க வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. தனி வரிசையில் உட்கார வைப்பதும், எல்லோர் முன்னிலையிலும் தலையைப் பிரித்துப் பார்ப்பதும் மருத்துவம் ஆகா. மொட்டையும் அப்படியே. பழனியில் நேர்ந்துகொண்டு அடிக்கும் மொட்டை வேறு. பத்து வயதுப் பெண் அழ அழ அடிக்கும் மொட்டை வேறு.

வெட்கத்தின் இன்னொரு விளைவு அவசரம். ஒரே இரவில் ஒழிக்க வேண்டும் என்று எண்ணி, கையில் கிடைத்ததைத் தலையில் ஊற்றுகிறார்கள். தோட்டத்துச் சாளையின் மூலையில் இருக்கும் பூச்சிமருந்து ஒருபோதும் வேண்டாம். சொறிந்த புண்களின் வழியே நஞ்சு உடலுக்குள் இறங்கி, வாந்தியும் மூச்சுத் திணறலும் உண்டாகி, உயிருக்கே ஆபத்தாக முடியும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே சென்றால் தீப்பிடிக்கும்.

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவது அம்மாயி காலத்து வைத்தியம். பேன் சாகும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குழம்பு வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்படலம் அரிக்கப்பட்டு, கடும் வலியோடு கண்ணைத் திறக்கவும் இயலாமல் போகும். தெரியாமல் பட்டுவிட்டால், கண்ணைக் கசக்காமல் தூய நீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இயற்கைப் பொருள்தானே என்று காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரு விழுக்காடு பெர்மெத்ரின் உள்ள திரவத்தை ஈரமான தலையில் தடவி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். சொறிசிரங்குக்குத் தரும் ஐந்து விழுக்காட்டு மருந்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள்கள் ஆவதால், ஒன்பதாம் நாள் மறுமுறை தடவுவது கட்டாயம். இந்த இரண்டாம் முறையை மறப்பதாலும் தோல்விகள் நேர்கின்றன. மருந்து வேண்டாம் என்போர், தலையை நனைத்து எண்ணெய் தடவி, மூன்று நாளுக்கு ஒருமுறை இரு வாரங்கள் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வார வேண்டும். பொறுமையாக வாருவதற்கு ஈடான மருந்து அரிது. வீட்டில் எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பெரும்பாலும் அம்மாவின் தலைதான் விடுபட்டுப் போகிறது! தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் வாழாது என்பதால், சீப்பையும் தலையணை உறையையும் வெந்நீரில் போட்டால் போதும்.

வகுப்புக்கு ஒரு யோசனை. தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாக அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். யார் வயிற்றில் புழு என்று எவரும் கேட்பதில்லை. அதனாலேயே எவருக்கும் கூச்சமும் இல்லை. பேனுக்கும் இந்த முறை பொருந்தும். எல்லோருக்கும் மருந்து தர வேண்டியதில்லை. எல்லோரையும் ஒரே வாரத்தில் பார்த்தாலே போதும். "உங்கள் குழந்தைக்குப் பேன் இருக்கிறது" என்று ஒரு வீட்டுக்கு மட்டும் சீட்டு அனுப்புவதற்குப் பதிலாக, "இந்த வெள்ளி, சனியில் எண்ணெய்க் குளியலின்போது பிள்ளைகளின் தலையைப் பேன் சீப்பால் வாரிப் பாருங்கள்" என்று வகுப்பிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஆசிரியர் எழுதி அனுப்பலாம்.