பந்தும் பாஷையும்

பந்தாட்டத்தில் என்ன படிப்பினை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் மான்டானா மாகாணத்தில் ஃபோர்ட் ஷா என்றொரு பழைய ராணுவக் கோட்டை. அங்கே 1892-இல் அரசாங்கத்தார் ஆதிக்குடிக் குழந்தைகளுக்காக விடுதிப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினர். தாய்ப்பாஷையையும் குலவழக்கங்களையும் மறக்கச் செய்வதே இத்தகைய பள்ளிகளின் நோக்கம். கூடைப்பந்தோ 1891-இல்தான் பிறந்த விளையாட்டு. அப்பள்ளி மாணவிகள் அதைக் கற்று, மான்டானாவின் கல்லூரிப் பெண்களையும் வென்றனர்.

1904-இல் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து உலகப் பொருட்காட்சியில், 'மாதிரிப் பள்ளி' என்று சொல்லி, இம்மாணவிகளையும் காட்சிக்கு வைத்தனர். உள்ளூர்ப் பெண்களின் அணியொன்று இவர்களுடன் போட்டியிட்டது. முதல் ஆட்டத்தில் 24-2, அடுத்ததில் 17-6. இரண்டிலும் ஜயம் ஃபோர்ட் ஷா பெண்களுக்கே.

இது பள்ளிக்கூடத்தின் பெருமையா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சமவெளிகளில் ஆதிக்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பந்தாட்டம் ஆடியவர்கள். பள்ளி கொடுத்தது கூடையும் விதிகளும் மாத்திரமே. ஓட்டமும் ஒற்றுமையும் அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டு வந்தவை.

குழந்தை கொண்டு வருவதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது கல்வியாகாது. உபாத்தியாயர்களாகிய நாம் இதை மறக்கலாகாது.