கம்பி நம் மண்ணில், பிடி தில்லியில்

செய்தி எவன் கையில் உள்ளதோ, சந்தையும் அவன் கையில்தான். வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் ஊர்களுக்கு இதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பச்சைத்தோல் காத்திருக்காது, உப்பிட்டு வைத்தாலும் நாள் செல்லச் செல்லத் தரம் குன்றும். சென்னைப் பெரியமேட்டில் என்ன விலை, இத்தாலியிலும் செருமனியிலும் எந்நிறத் தோலைக் கேட்கின்றனர் என்பதை ஒருநாள் பிந்தி அறிந்தவன் அந்நாளின் ஊதியத்தை இழந்தவனே.

இத்தகைய ஊர்களைத் தில்லியார் எவ்வாறு வைத்திருந்தனர்? வெளியூரோடு பேச வேண்டின் தொலைப்பேசி நிலையத்தில் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடத்தல் வேண்டும். அதிலும் இயல்பு, விரைவு, மின்னல் என மூவகை வகுத்து, பணமுள்ளவன் முந்தவும் இல்லாதவன் பிந்தவும் வழி செய்திருந்தனர். தன் ஆற்றையே சாயக்கழிவுக்குப் பலிகொடுத்து அயல்நாட்டுப் பணத்தை ஈட்டித் தந்த மண்ணுக்குக் கிடைத்த நன்றி அது!

இது நம் கற்பனை அன்று. நடுவணரசே 1994-இல் வெளியிட்ட தொலைத்தொடர்புக் கொள்கையில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது: இந்தியாவில் நூறு பேருக்கு 0.8 தொலைப்பேசி, உலக நடுவளவு 10, சீனத்தில் 1.7; பாக்கித்தானில் 2; மலேசியாவில் 13. நம்மவர் பால்மரம் வெட்டப் போன மலேசியாவில் பதின்மூன்று. அவர்களை அனுப்பிவிட்டு நாம் இருந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. இணைப்புக் கேட்டுக் காத்திருந்தோர் மட்டும் ஏறத்தாழ 25 இலக்கம் பேர்.

தென்கொரியாவைப் பாருங்கள். 1980 அளவில் அங்கும் தொலைப்பேசிக்கு நீண்ட வரிசை நின்றது. அந்நாட்டார் தம் அறிஞரைக் கொண்டே மின்னணு இணைப்பகத்தைப் படைத்தனர். 1987-இல் ஒரு கோடி இணைப்புகளை எட்டினர். அன்று அவர்கள் தொகை நான்கு கோடியை ஒட்டியது. 84 கோடி மக்கள் வாழ்ந்த இந்தியாவிலோ 1991-இல்கூட ஏறத்தாழ 50 இலக்கம் இணைப்புகளே. இங்கும் 1984-இல் ஓர் ஆய்வு நடுவம் அமைந்தது. அது சிற்றூர்களுக்கென ஆக்கிய சிறு இணைப்பகங்கள் நன்றாகவே உழைத்தன என்பதை மறைப்பதற்கில்லை. அறிவுக்குப் பஞ்சமில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் அமர்ந்து எல்லா ஊருக்கும் பங்கிடும் ஆட்சிமுறைதான் பழுது.

'இன்று எல்லார் கையிலும் செல்பேசி உள்ளதே' என்பீர்கள். உள்ளது. ஆயின் அதன்மீது உரிமை எவருக்கு? அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 31-ஆம் பதிவு அஞ்சலையும் தொலைப்பேசியையும் கம்பியில்லாத் தொடர்பையும் ஒட்டுமொத்தமாய்த் தில்லிக்கே எழுதி வைத்துள்ளது. வெள்ளையன் 1885-இல் இயற்றிய தொலைவரிச் சட்டத்தை மாற்றி 2023-இல் புதுச்சட்டம் செய்தனர். பிடி மட்டும் தளரவில்லை. நிறுவனங்களின் வருவாயினின்று 5 விழுக்காட்டைப் பிற்பட்ட ஊர்களின் பெயரால் தில்லி திரட்டுகின்றது. காலணித் தொழிற்சாலையில் நாள் முழுதும் நின்று உழைக்கும் ஆம்பூர்ப் பெண் தன் செல்பேசிக்குக் கட்டும் காசும் அதில் அடங்கும். அத்தொகைக்கு இப்போது இட்ட பெயர் 'டிசிட்டல் பாரத் நிதி'. பணம் நம்முடையது, பெயர் வடவருடையது, பங்கீடும் அவருடையதே. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஒளியிழை இடும் திட்டமும் 'பாரத்நெட்' என்றே வழங்குகின்றது.

பரோயே தீவுகள் தென்மார்க்கு முடியாட்சிக்கு உட்பட்டவை. அங்குள்ளோர் தொகை ஆம்பூர் மக்களில் ஏறத்தாழப் பாதி. அவர்களுக்கு 298 என்னும் தனி அழைப்பெண் உண்டு. இணையத்தில் தனி முகவரியும் உண்டு. பின்லாந்து 2010-இலேயே இணைய இணைப்பைக் குடிமக்களின் சட்ட உரிமையாக்கியது. உருசியப் பிடியினின்று 1991-இல் விடுபட்ட எசுத்தோனியா, 13 இலக்கம் மக்களே உடையதாயினும், 2005-இல் உள்ளாட்சித் தேர்தலில் இணையவழி வாக்களிக்கச் செய்தது. இசுப்பெயினுக்குள் அடங்கியுள்ள காத்தலான் மொழியினர் 2005-இல் தம் மொழிக்கென இணைய முகவரி பெற்றனர். 2014-இல் வேல்சு மக்களும் பெற்றனர். தமிழ் எழுத்தில் '.இலங்கை' உண்டு, '.சிங்கப்பூர்' உண்டு, '.இந்தியா'வும் உண்டு. தமிழ்நாட்டுக்கென ஒன்று இல்லை! தமிழரை அடித்து விரட்டிய இலங்கைக்கே தமிழில் முகவரி இருக்க, தாய்நிலத்துக்கு இல்லாமை எவருக்கு இழுக்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மேத் திங்களில் தூத்துக்குடியில் மக்களைச் சுட்டபோது, அம்மாவட்டத்திலும் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் இணையத்தை அறுத்தனர். அறுத்த கத்தி தில்லியின் சட்டம்; பிடித்த கையோ தமிழ்நாட்டு அரசின் கை. எனவே தில்லியினின்று கோட்டைக்கு உரிமை கைமாறினால் மட்டும் போதாது; இணைப்பைத் துண்டிக்கும் ஆற்றல் எந்த அரசுக்கும் எளிதாய் வாய்த்தல் ஆகாது. வாக்குக் கேட்டுப் பாலாற்றுப் பக்கம் வருவோரிடம் 31-ஆம் பதிவை மாநிலப் பட்டியலுக்கு மாற்றக் குரல் கொடுப்பீரா என்று கேளுங்கள். மாற்றிய பின் எம் இணைப்பை நீவிரும் அறுக்கமாட்டீர் என்பதற்கு என்ன உறுதி என்றும் அப்போதே கேளுங்கள்.