அறிவிப்பு வேறு, சட்டம் வேறு

2017 ஏப்ரல் 20. அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் டர்ன்புல் குடியுரிமை விதிகளைக் கடுமையாக்கப் போவதாக அறிவித்தார். நிரந்தர வசிப்புரிமையில் இருக்க வேண்டிய காலம் ஓராண்டிலிருந்து நான்காண்டாகும், தனி ஆங்கிலத் தேர்வும் வரும் என்றார்கள். அன்று முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கே பொருந்தும் என்றும் சொன்னார்கள். சிட்னியின் செவன் ஹில்ஸ், டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் குடியேறிய தமிழர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி அது.

அதற்கான மசோதா செனட்டைத் தாண்டவே இல்லை. அக்டோபரில் அலுவல் பட்டியலிலிருந்தும் நீங்கியது. 2007-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் அந்த ஓராண்டு அப்படியே இருந்தது. அறிவிப்பை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டவருக்குக் காலம்தான் வீணானது.

எது சட்டம் என்று பார்க்க வேண்டிய இடம், கூட்டாட்சிச் சட்டங்களின் அதிகாரபூர்வ இணையப் பதிவேடான ஃபெடரல் ரெஜிஸ்டர் ஆஃப் லெஜிஸ்லேஷன். நாடாளுமன்றச் சட்ட வரைவு அலுவலகம் அதை நடத்துகிறது, காசு கிடையாது. திருத்தங்கள் சேர்த்த சட்டமும் விதிமுறைகளும் அங்கே உண்டு. பழைய தொகுப்புகளும் இருப்பதால், முகப்பில் உள்ள தேதியை முதலில் பார்க்க வேண்டும். 1995 முதல் இயங்கும் ஆஸ்ட்லி (AustLII) என்ற சட்டத் தளம் தேடுவதற்கு அருமையானது, ஆனால் அதிகாரபூர்வப் பிரதி பதிவேட்டில்தான். வீட்டு வாடகை போன்றவை மாநில விவகாரம். அவற்றுக்கு நியூ சவுத் வேல்ஸ் அரசின் தனித் தளம் இருக்கிறது.

பதிவேட்டில் ஏறாத விதிமுறையை யார்மீதும் செயல்படுத்த முடியாது என்கிறது 2003-ஆம் ஆண்டு லெஜிஸ்லேஷன் சட்டம். மக்கள் கண்ணில் படாத விதி மக்களைக் கட்டுப்படுத்தாது என்ற நல்ல கொள்கை அது. அதை அரசு இன்னும் ஓரடி நீட்ட வேண்டும். இலங்கையில் வர்த்தமானி தமிழிலும் வருகிறது; தமிழ்நாட்டு அரசிதழிலும் தமிழ் உண்டு. இங்கே சட்டம் முழுக்க ஆங்கிலம். ஆயிரம் பக்கச் சட்டத்தை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. குடியுரிமை, விசா, வேலை ஆகிய மூன்றிலும் விதி மாறும்போது, எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் என்று ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு போதும். பிள்ளைகளை அண்டி இங்கே வந்த பெற்றோருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அதுவரை, வாட்ஸ்அப்பில் ‘சட்டம் மாறிவிட்டது’ என்று வந்தால், அனுப்பியவரிடம் எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று கேளுங்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்த பிறகு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.