கண்டவனே நினைவான்

பொருள் தேடிப் பிரிதல் தமிழர்க்குப் புதியதொன்றன்று. கல்வி கருதியும், பகை மேற்சென்றும், தூது பூண்டும், பொருள் வேண்டியும் தலைவன் பிரிவான் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பாலைத்திணைத் தலைவன் காட்டு வழியிலே கண்ட மானையும் மரத்தையும் நோக்கி நின்று, தான் விட்டு வந்த மனையை நினைந்து வருந்துவான். இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே விரித்துரைத்து வரும் நாம், அதன் பொருளை மெய்யாக உணர்ந்தது அண்மையில் எம் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தினாலேயாம்.

அவர் கட்டார் நாட்டுத் தலைநகராகிய டோஹாவிலே குளிரூட்டிகளைத் திருத்தும் தொழில் புரிபவர். நாம் ஆசிரியப் பணியிற் புகுந்த புதிதில் எம்மிடம் தமிழ் பயின்றவர். வகுப்பில் முதல்வராய் இருந்தாரல்லர். மாங்காய்க் காலத்தில் வகுப்பிலேயே இருந்தாரல்லர். அந்நாட்டிலே யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலை 2021 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய நண்பகலொன்றில், தெருவோரப் பேரீச்சை நிழலில் ஒதுங்கியிருந்தபோது கண்டவற்றையே அவர் எழுதியிருந்தார்.

பேரீச்சையின் ஓலை இறகுபோல் நீளும்; பனையோலை விசிறிபோல் விரியும். ஆயினும் இரண்டிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பனைக்குக் காற்றுச் செய்யும் பணியை அங்கே மனிதர் செய்கின்றனர். ஆண்மரத்துப் பூங்கதிரை அறுத்துப் பெண்மரத்திலேறிப் பாளைக்குள் வைத்துக் கட்டுகின்றனர். எண்ணெய்ச் செல்வம் பெருகுமுன் அப்பகுதி மக்கள் பலர் பேரீச்சையோலையாற் கட்டிய 'அரீஷ்' என்னும் குடில்களில் வாழ்ந்தனர். அங்கு புழுதி சுமந்து வீசும் காற்றுக்கு 'ஷமால்' என்று பெயர். வடக்கு என்பது அச்சொல்லின் பொருள். 'எங்கள் வாடைக்கு இஃது ஒன்றுவிட்ட அண்ணன்போலும், ஐயா. ஆனால் இவன் பட்டமேற்ற உதவான்' என்று அவர் எழுதியதைப் படித்து நாம் நகைத்தோம்.

கடிதத்தின் முடிவு எம்மை நகைக்க விடவில்லை. அவர் மைந்தன் இப்போது எம் வகுப்பிலேயே பயில்கின்றான். 'கச்சான் பெயர்ந்துவிட்டதா என்று தொலைபேசியில் மகனைக் கேட்டேன். கச்சான் கடையிலே இருக்கின்றதே என்றான். வறுத்த கடலையைத் தவிர வேறு கச்சானை அவன் அறியான். ஊரை விட்டு வந்தவன் நானா, அவனா, ஐயா?' என்று கேட்டிருந்தார்.

பிள்ளையைக் குறை கூற எமக்கு வாயில்லை. மறுநாள் அவ்வகுப்பிலே பனையின் உறுப்புகளைக் கூறுமாறு கேட்டோம். நுங்கு, பனங்காய், கிழங்கு என்பவற்றோடு விடை நின்றது. குருத்தோலை, சார்வோலை, கங்குமட்டை, பன்னாடை, பூரான் என நாம் அடுக்கியபோது, பிறமொழி கேட்பார்போல் இருந்தனர். அவர்களுக்குப் பாலைத்திணையின் முதல், கரு, உரிப் பொருள்களைப் பரீட்சைக்கு மனனம் செய்வித்தவர் நாமே. வகுப்பறைச் சாளரத்துக்கு அப்பால் நின்ற பனையை ஒருநாளேனும் காட்டினோமல்லோம். குற்றம் எம்முடையது.

'பனைமட்டையின் பெயர் சோறு போடுமா? பிள்ளை உலகத்தோடு ஒட்டி வாழ வேண்டாமா?' எனப் பெற்றோர் சிலர் வினவுவர். வினா நேரியதே, பசித்தவனுக்குப் பழம்பெருமை உணவாகாது. ஆனால் அந்த மாணவர் பேரீச்சையை நின்று நோக்கினமைக்குக் காரணம் யாது? இளமையிலே பனையை நின்று நோக்கிய கண் அவருக்கு இருந்தமையன்றோ! அக்கண்ணே அயல்நாட்டாரின் மரத்தையும் மனையையும் காற்றையும் அவருக்கு உறவாக்கிற்று. சொந்த ஊரைக் காணாதவன் அயலூரையும் காணான். இரண்டிடத்தும் அவன் வழிப்போக்கனே. சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்!

எம் முன்னோர் மலாயா சென்ற வரலாறும் இதனையே கூறும். அங்கே முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதனையடுத்த காலங்களிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிய யாழ்ப்பாணத்து இளைஞர் பெருந்தொகையினராய்ச் சென்றனர். கோலாலம்பூரிலே பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் நல்லூரை முன்மாதிரியாகக் கொண்டது. நல்லூர் வீதியிலே மணலில் உருண்டு வளர்ந்தவர்க்கே அக்கோயிலை அங்கே அமைக்க இயன்றது. இன்றைய மாணவர் நாளை எந்நாடு செல்லினும், அங்கே எதனை நினைந்து எதனை அமைப்பர்?

நம் பனைகள் பல போரிலே தலையிழந்தன. 2009இற்குப் பின் நட்ட விதைகள் மெல்ல மெல்லத் தலைநிமிர்கின்றன. மரத்தை மீள நடலாம். அதன் பெயரறிந்த நாவும், நிழலறிந்த கண்ணும் ஒரு தலைமுறை அற்றுப்போயின், அவற்றை எங்கிருந்து கொணர்ந்து நடுவது?

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். ஆசிரியத் தோழர்களே, மாதத்தில் ஒரு பாடவேளையேனும் மாணவரை வெளியே அழைத்துச் செல்வோம். குளக்கட்டும் தோட்டக் கிணறும் பனங்கூடலும் அன்று நமக்குப் பாடநூலாகுக. மாணவச் செல்வங்களே, பாட்டன் பாட்டிமாரிடம் அமர்ந்து, சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்று நான்கையும், அவ்வவற்றின் காலத்தையும் கேட்டறிந்து எழுதிவாருங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்களே, நீங்கள் அனுப்பும் பணத்தால் கட்டடங்கள் எழுந்துள்ளன, நன்றியுடையோம். அதனோடு ஒரு கடிதமும் எழுதுங்கள். அங்கே எதைக் கண்டபோது ஊர் நினைவு வந்தது என ஒரு பக்கம் போதும். அதனை வகுப்பிலே படித்துக் காட்டுவோம். வீட்டிலிருந்தே ஊரை விட்டுச் சென்றுவிட்ட எங்கள் பிள்ளைகளை, தொலைவிலிருக்கும் நீங்களே மீட்டுத் தரவல்லீர்கள்.

டோஹாவிலிருந்து வந்த கடிதத்தைச் சென்ற வாரம் வகுப்பிற் படித்தோம். அடுத்த நாட்காலை, அவர் மைந்தன் பன்னாடையொன்றைக் கையிலேந்தி வந்து, 'ஐயா, அப்பாவிடம் கேட்டுத் தேடியெடுத்தேன்' என்று எம் மேசைமீது வைத்தான். விழாக் காணும் கல்லூரி அன்னைக்கு எமது காணிக்கையும் அதுவேயாகுக.